அந்தக் கேள்வியை ஆபரேஷனுக்கு முன்னாடி கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

வழக்கமா இங்க ஆஃபீஸ், சம்பளம், வேலை மாறுறதுன்னு பேசுவோம். இன்னைக்கு அதெல்லாம் இல்லை. எங்க வீட்ல நடந்த ஒரு விஷயம். ஹெட்ஃபோன் போட்டுக் கேக்குறதா இருந்தாலும் சரி. ஆனா வீட்ல அம்மாவோ அக்காவோ இருந்தா ஸ்பீக்கர்ல போடுங்க, அவங்களும் கேக்கட்டும்.

விஷயம் இதுதான். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்ட ஒரு பொண்ணு, அதுக்கப்புறம் கர்ப்பமாகி குழந்தை பெத்துக்க முடியுமா? சிலரால முடியும். யாரால முடியும், அதுல என்ன ஆபத்து, அதுக்கு எப்போ என்ன கேக்கணும், இதைத்தான் பேசப் போறேன். நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். மூணு நாலு வருஷமா ஒரு ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கூடப் போனவன், அவ்வளவுதான் என் தகுதி.

அந்த ஃபைல் என் அக்காவோடது. கூடப் பிறந்தவ இல்லை, பெரியம்மா பொண்ணு. பேர் சொல்லலை. இந்த எபிசோடை முழுசா கேட்டுட்டு, ரெண்டு இடத்துல "இதை எடுத்துடு தம்பி"ன்னு சொன்னா. எடுத்துட்டேன். மிச்சம் அவ சம்மதத்தோட வருது.

உடம்பு சூடு

எங்க ஊர் காரைக்குடி பக்கம். அத்தான் ஆத்தங்குடி டைல்ஸ் போடுற பட்டறையில வேலை பாக்குறார். கண்ணாடி மேல வர்ணத்தை ஊத்தி, மேல மணலும் சிமென்ட்டும் போட்டு, கையாலயே செய்வாங்களே, அந்த வேலை. பெரியம்மா ஒரு செட்டிநாட்டு வீட்ல முப்பது வருஷமா சமையல்.

அக்காவுக்கு அப்போ 28 வயசு. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. மாசவிலக்கு இல்லாத நாள்லயும் லேசா ரத்தம் படும். கணவன் மனைவி உறவுக்கு அப்புறமும் படும். ஏழெட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. உடம்பு சூடுன்னு வெந்தயம் ஊறவச்சுக் குடிச்சிருக்கா. கடைசியில குழந்தைக்காக ஒரு டாக்டரைப் பாக்கப் போன இடத்துல, அவங்க பரிசோதிச்சுப் பாத்து, சதையில ஒரு துளி எடுத்து பயாப்சிக்கு அனுப்பினாங்க. ரிசல்ட் வந்துச்சு. கருப்பைவாய்ப் புற்றுநோய்.

முதல்ல போன ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை மொத்தமா எடுத்துடலாம்னு தேதி குறிச்சுட்டாங்க. அங்கே தப்பு நடந்துச்சுன்னு நான் சொல்லலை. அந்த நோய்க்குப் பல வருஷமா இருக்கிற நம்பகமான சிகிச்சை அதுதான். வீட்லயும் எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான்: உசிருதான் முக்கியம். பெரியம்மா சொன்னாங்க, அத்தான் சொன்னார், நானும் சொன்னேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயந்திரம் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்போ அக்கா கேட்டா: "டாக்டர், கர்ப்பப்பையை விட்டுட்டு நோயை மட்டும் எடுக்க முடியாதா?" நாங்க எல்லாரும் அவளை அதட்டினோம். டாக்டர் அதட்டலை. ஃபைலைப் புரட்டிட்டு, "உங்களுக்குக் குழந்தை இல்லைன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையேம்மா"ன்னு கேட்டார். அப்புறம் ஆபரேஷனைத் தள்ளி வச்சுட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. நாலு பேர் கூட இருந்தோம். பத்து ஃபார்ம்ல கையெழுத்து போட்டோம். அந்த ஒரு கேள்வியை யாருமே கேக்கலை. ஆஃபீஸ்ல ஒரு டேட்டாபேஸ் டேபிளை அழிக்கணும்னா, பேக்கப் இருக்கா, வேற வழி இருக்கான்னு ரெண்டு பேர்கிட்ட அப்ரூவல் வாங்காம நான் என்டர் தட்ட மாட்டேன். திரும்ப எடுக்க முடியாத வேலைன்னா அப்படித்தான் செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. அக்கா விஷயத்துல அது எனக்குத் தோணவே இல்லை.

சுருக்குப்பை

எம்.ஆர்.ஐ.யில கட்டி ஒன்றரை சென்டிமீட்டர்தான். வெளியில பரவின அடையாளம் இல்லை. சென்னையில ஒரு புற்றுநோய் அறுவை நிபுணர்கிட்ட அனுப்பினாங்க. அவங்கதான் அந்த வார்த்தையைச் சொன்னாங்க: ரேடிக்கல் டிரக்கிலெக்டமி.

கர்ப்பப்பையைக் கவிழ்த்து வச்ச ஒரு சொம்பு மாதிரி நினைச்சுக்கோங்க. மேல இருக்கிற வயிறு மாதிரியான பாகத்துலதான் குழந்தை வளருது. கீழ இருக்கிற கழுத்துதான் கருப்பைவாய். இந்த ஆபரேஷன்ல கழுத்தையும், அதைச் சுத்தி இருக்கிற திசுவையும், அதுக்குக் கீழ கொஞ்சம் பிறப்புறுப்புப் பாதையையும் எடுத்துடுவாங்க. மேல் பாகத்தை விட்டுட்டு, கீழ பிறப்புறுப்போட சேத்துத் தைச்சுடுவாங்க. சினைப்பைகள் அப்படியே இருக்கும்.

இதை முதல்ல செஞ்சவர் பிரான்ஸ்ல லியோன் நகரத்துல இருந்த டானியல் டார்ஜான். 1987-ல ஆரம்பிச்சார், 1994-ல உலகத்துக்குச் சொன்னார். அதுக்கு முன்னாடி வரைக்கும் அக்கா மாதிரி ஒருத்திக்குக் கர்ப்பப்பையை எடுக்கிறதுதான் வழக்கமான வழி.

எல்லாருக்கும் இது பண்ண முடியாது. பொதுவா கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள இருக்கணும். நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கக் கூடாது. ஆபரேஷன்ல அந்த முடிச்சுகளை எடுத்துச் சோதிப்பாங்க. வெட்டின ஓரத்துல புற்றுநோய் செல் இருக்கான்னும் பாப்பாங்க. இருந்தா, கர்ப்பப்பையைக் காப்பாத்துற திட்டத்தை அங்கேயே கைவிட்டுடணும். "கண் முழிக்கும்போது கர்ப்பப்பை இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ரெண்டுக்கும் சேத்துத்தான் கையெழுத்து"ன்னு டாக்டர் சொன்னாங்க. அக்கா போட்டா. முழிச்சப்போ இருந்துச்சு.

இதைவிட ஆரம்பக் கட்டத்துல கண்டுபிடிச்சா, கருப்பைவாயில கூம்பு வடிவத்துல ஒரு துண்டு மட்டும் எடுத்தாலே சிலருக்குப் போதும். அதுலயும் பின்னாடி குறைப்பிரசவத்துக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், துண்டு ஆழமா எடுத்திருந்தா இன்னும் கூடும். இளம் வயசுல வர சில வகை சினைப்பைப் புற்றுநோய்ல ஒரு பக்கச் சினைப்பையை மட்டும் எடுத்துட்டு, தேவைப்பட்டா கீமோ குடுப்பாங்க. மறுபக்கமும் கர்ப்பப்பையும் தப்பிச்சுடும். அவங்க கர்ப்பமானா, என்ன கீமோ மருந்து போட்டாங்கன்னு பிரசவ டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். சில மருந்து இதயத்தைப் பாதிக்கும், சிலது நுரையீரலை.

சரி, கழுத்து போயிடுச்சு. அதுல என்ன ஆபத்து? ஒன்பது மாசமும் குழந்தையைக் கீழ இறங்க விடாம மூடித் தாங்குறது அந்தக் கழுத்துதான். அதுல இருக்கிற கெட்டியான சளி, வெளியில இருந்து கிருமி ஏறாம ஒரு மூடி மாதிரி காக்கும். ரெண்டும் இல்லைன்னா? அதுக்காக ஆபரேஷன் அன்னைக்கே கர்ப்பப்பையோட அடிவாயைச் சுத்தி ஒரு நிரந்தரத் தையல் போடுவாங்க. எங்க அப்பத்தா இடுப்புல செருகியிருக்கும் சுருக்குப்பை ஞாபகம் வருது. கயித்தை இழுத்தா வாய் மூடிக்கும். அந்த ஒரு கயித்தை நம்பித்தான் கர்ப்பமே.

பத்தொன்பதாவது வாரம்

அக்காவைக் கொஞ்ச காலம் காத்திருக்கச் சொன்னாங்க. ஒரு வருஷம் செக்கப் எல்லாம் சரியா வந்தப்புறம் முயற்சி பண்ணச் சொன்னாங்க. இந்த ஆபரேஷன் ஆனவங்கள்ல சிலருக்கு அடிவாய் சுருங்கிப் போய், கர்ப்பமாகறதுக்கே ஐ.யு.ஐ., ஐ.வி.எஃப். தேவைப்படும். அக்காவுக்குத் தானாவே நின்னுச்சு. வீடே திருவிழா மாதிரி ஆயிடுச்சு.

பத்தொன்பதாவது வாரத்துல ராத்திரி பனிக்குடம் உடைஞ்சுடுச்சு. காரைக்குடியில இருந்து மதுரைக்கு ரெண்டு மணி நேரம். போய்ச் சேந்தப்போ காய்ச்சல், உள்ள தொற்று. குழந்தை தங்கலை. தையலைப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு.

இந்த இடத்தை வேகமாத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. "நம்பிக்கையோட இருந்தா ஜெயிக்கலாம்"னு முடியற வீடியோ நிறைய இருக்கு. அதைப் பாத்துட்டு வந்தவங்களுக்கு இந்த ராத்திரியைப் பத்தி யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நாலஞ்சு மாசத்துல கர்ப்பம் போறதும், குறைமாசத்துல பிறக்கிறதும் மத்தவங்களை விட நிச்சயமா அதிகம். அக்கா கேட்டது சரியான கேள்விதான், கிடைச்சதும் சரியான சிகிச்சைதான். அப்படியும் இது நடந்துச்சு.

ஊர்ல பேச்சு வேற. அந்த நோய் "எப்படி" வந்துச்சுன்னு ஒருத்தங்க சந்தேகத்தோட கேட்டாங்க. இதுக்கு இங்கயே பதில் சொல்லிடறேன். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்.பி.வி.ங்கிற வைரஸ். பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் பெரும்பாலானவங்களுக்கு எப்பவாவது ஒரு தடவை வந்துட்டுப் போகும். முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். சிலருக்குத் தங்கிப் பல வருஷம் கழிச்சு நோயாகும். ஒரே துணையோட வாழ்ற பொண்ணுக்கும் வரும். இதை வச்சு யாரோட ஒழுக்கத்தையும் அளக்க முடியாது.

பெரியம்மா வேலை பாக்குற வீட்டு ஆச்சி, எண்பது வயசு இருக்கும், அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்துல உக்கார வச்சு, "பிள்ளை கூட்டிக்கலாம் ஆத்தா, அழுகாத"ன்னாங்க. நகரத்தார் வீடுகள்ல தத்து எடுக்கிறதை "பிள்ளை கூட்டுறது"ன்னு சொல்வாங்க. ஒரே கோயில் பங்காளி வீட்டுப் பையனை முறைப்படி கூட்டிக்குவாங்க, ரொம்பக் காலமா இருக்கிற பழக்கம். வம்சம் தொடரணும்னு வந்த வழக்கம்தான். ஆனா எத்தனை வீட்ல எத்தனை பொண்ணுங்க இப்படி அழுதிருந்தா இப்படி ஒரு வழக்கத்துக்குத் தேவை வந்திருக்கும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தோணிச்சு. அக்கா ஆச்சிகிட்ட, "இன்னும் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன் ஆச்சி"ன்னா.

ரெண்டாவது தடவை

இந்தத் தடவை கர்ப்பத்துக்கு முன்னாடியே வயித்து வழியாப் புதுத் தையல் போட்டாங்க. உறுதியானதும் முதல் வேலையா ஒரே பேப்பர்ல அவளோட முழு வரலாறு: என்ன ஆபரேஷன், என்ன தையல், போன தடவை என்ன ஆச்சு. அதை நாலு காப்பி எடுத்தோம். ஒண்ணு அவ பையில, ஒண்ணு அத்தான் சட்டைப்பையில, ஒண்ணு கிராம சுகாதார செவிலியர்கிட்ட, ஒண்ணு என் ஃபோன்ல.

ஹை ரிஸ்க்னு கேட்டதும் பயந்து முடங்க வேண்டாம்னு மதுரை டாக்டர் சொன்னாங்க. "அடுத்து என்ன ஆகலாம்னு முன்கூட்டியே தெரிஞ்ச கர்ப்பம்னு வச்சுக்கோங்க." அதனால திட்டம் போட்டாங்க. அடிக்கடி ஸ்கேன் எடுத்து அடிவாய் எப்படி இருக்குன்னு பாக்கிறது. தொற்று இருக்கான்னு சோதிச்சு உடனே மருந்து. லேசாத் தண்ணி கசிஞ்சாலும் காய்ச்சல்னாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. குறைமாசப் பிரசவம் நெருங்கற மாதிரி இருந்தா குழந்தையோட நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. பிரசவம் கட்டாயம் சிசேரியன்தான், ஏன்னா அந்தத் தையல் இருக்கும்போது குழந்தை கீழ் வழியா வர முடியாது.

இதுல எங்களை ரொம்ப யோசிக்க வச்சது தூரம். குறைமாசக் குழந்தைக்கு வென்டிலேட்டரோட என்.ஐ.சி.யு. இருக்கிற இடத்துலதான் பிறக்கணும். இருபத்து நாலாவது வாரத்துல மதுரையில ஆஸ்பத்திரியில இருந்து பத்து நிமிஷ தூரத்துல ஒரு சின்ன ரூம் எடுத்தோம். பெரியம்மா கூட இருந்தாங்க. அத்தான் ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வருவார். நான் பெங்களூர்ல இருந்து ரூம் வாடகை அனுப்பினேன். இந்தக் கதையில நான் செஞ்ச உருப்படியான வேலை அது ஒண்ணுதான்.

முப்பத்து மூணாவது வாரத்துல வலி வந்துச்சு. பொண்ணு. ஒரு கிலோ எண்ணூறு கிராம். பத்தொன்பது நாள் என்.ஐ.சி.யு. உடம்போட உடம்பா அணைச்சு வச்சுக்கிற கங்காரு முறையை அத்தானும் செய்யலாம்னு நர்ஸ் சொன்னாங்க. சிமென்ட் அரிச்ச கையால தொடவே பயந்தவர், சட்டையைக் கழட்டி நெஞ்சுல போட்டுக்கிட்டு ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்திருந்தார்.

அந்த ஃபார்ம்ல இருந்த பேர்

அரசு மகப்பேறு உதவித் திட்டத்துக்கு அக்காவுக்காக நான்தான் விவரம் நிரப்பினேன். "யாரு தம்பி இது, முத்துலட்சுமி ரெட்டி?"ன்னு கேட்டா. படிச்சுச் சொன்னேன். நம்ம பக்கத்து ஊர்க்காரங்க. 1886-ல புதுக்கோட்டையில பிறந்தவங்க. 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில பட்டம் வாங்கினாங்க. அவங்க தங்கை குடல் புற்றுநோய்ல இறந்தாங்க. முதல்ல அதைச் சீதபேதின்னு நினைச்சு வைத்தியம் பாத்திருக்காங்க, நோய் தெரிஞ்சப்போ காலம் கடந்துடுச்சு. அந்தத் துக்கத்துல இருந்து வந்ததுதான் 1954-ல 12 படுக்கையோட ஆரம்பிச்ச அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஏழைக் கர்ப்பிணிகளுக்குத் தமிழ்நாடு அரசு தர 18,000 ரூபாய்த் திட்டத்துக்கும் அவங்க பேர்தான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அவங்க தங்கச்சிக்கு சீதபேதி, எனக்கு உடம்பு சூடு"ன்னா.

அதனாலதான் தாமதத்தைப் பத்திச் சொல்லாம முடிக்க முடியாது. கட்டி சின்னதா இருந்ததாலதான் அக்காவுக்கு அந்த வழி திறந்துச்சு. இன்னும் ஏழெட்டு மாசம் வெந்தயம் குடிச்சிருந்தா கதவு மூடியிருக்கலாம். இந்தியாவுல வருஷத்துக்கு 1.2 லட்சத்துக்கு மேல பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருதுன்னு 2022-ம் வருஷ உலகக் கணக்கு சொல்லுது. நிறைய பேர் முத்தின கட்டத்துலதான் ஆஸ்பத்திரிக்கு வராங்க.

ஆனா கண்டுபிடிக்கிறது கஷ்டமான காரியம் இல்லைன்னு நிரூபிச்சது நம்ம திண்டுக்கல் மாவட்டம். 2000-ல ஆரம்பிச்சு, 30-லிருந்து 59 வயசு வரைக்கும் இருக்கிற கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸுகளே கருப்பைவாய்ல நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பாத்தாங்க. நம்ம வினிகர்ல இருக்கிற அதே அமிலம். கோளாறு இருந்தா அந்த இடம் வெள்ளையாத் தெரியும். ஒரு தடவை செஞ்ச சோதனை அது. பரிசோதனைக்கு அழைச்ச கிராமங்கள்ல இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால வர மரணம் 35 சதவீதமும் குறைஞ்சதா 2007-ல லான்செட் இதழ்ல வந்துச்சு. இப்போ 30 வயசு தாண்டினவங்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள்லயே இந்தப் பரிசோதனை இலவசம். அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. எச்.பி.வி. தடுப்பூசி 9-லிருந்து 26 வயசு வரைக்கும் ஆண், பெண் ரெண்டு பேருக்கும் இருக்கு. புனேயில தயாராகுற செர்வாவேக் 2023-லிருந்து கிடைக்குது.

30 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க கவனிங்க. அக்காவுக்கு 28. பரிசோதனை வரம்புக்குள்ளயே வரலை. மாசவிலக்கு இல்லாதப்போ ரத்தம், உறவுக்கு அப்புறம் ரத்தம், நாத்தம் உள்ள வெள்ளைப்படுதல், இதுல எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போங்க. பெரும்பாலும் வேற சின்னக் காரணமாத்தான் இருக்கும். ஆனா பாத்துட்டுச் சொல்லணும்.

என்ன கேக்கணும்

நோய் உறுதியாகி ஆபரேஷன் தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது இதெல்லாம்:

எனக்குக் குழந்தை வேணும்னு நினைக்கிறேன், இது ஃபைல்ல எழுதியிருக்கா?

என் நோய் எந்தக் கட்டம், கட்டி எத்தனை சென்டிமீட்டர்?

கர்ப்பப்பையோ சினைப்பையோ தப்பிக்கிற சிகிச்சைக்கு நான் பொருந்துவேனா? அதனால நோய் திரும்பி வர ஆபத்து கூடுமா?

பொருந்தலைன்னா, சிகிச்சைக்கு முன்னாடி கருமுட்டை சேமிக்க நேரம் இருக்கா? அதுக்கு ரெண்டு வாரம் போல ஆகும். இடுப்புல கதிர்வீச்சு குடுக்கப் போறாங்கன்னா, சினைப்பையை மேல நகர்த்தி வைக்க முடியுமா?

இதை ரெண்டாவது நிபுணர்கிட்டயும் கேக்கலாமா?

பல பேருக்கு இதுக்கெல்லாம் "முடியாது"ன்னுதான் பதில் வரும். கட்டி பெருசா இருந்தா, பரவியிருந்தா, உசிருதான் முக்கியம். பெரியம்மா சொன்னது அப்போ நூறு சதவீதம் சரி. இடுப்புக் கதிர்வீச்சுக்கு அப்புறம் கர்ப்பப்பை குழந்தையைத் தாங்குற நிலையில இருக்காது. கருமுட்டை சேமிச்சிருந்தா, 2021 வாடகைத்தாய்ச் சட்டப்படி, பணம் வாங்காம முன்வர ஒரு பெண் மூலமா, வயசு வரம்பு மாதிரி நிபந்தனைகளோட வழி இருக்கு. சட்டப்படி தத்து இருக்கு. குழந்தை வேண்டாம்னு முடிவு எடுக்கிறதும் இருக்கு. கேளுங்கன்னு சொல்றதுக்கு அர்த்தம், எப்படியாவது பெத்தாகணும்ங்கிறது இல்லை. என்ன இழக்கப் போறோம்னு தெரிஞ்சு கையெழுத்து போடணும், அவ்வளவுதான்.

கூட நிக்கிற ஆம்பளைங்களுக்கு ஒண்ணு. அன்னைக்கு அவ கேட்டப்போ அதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். பயத்துலதான் அதட்டினேன். இருந்தாலும் அந்த அதட்டலுக்கு அவ அடங்கியிருந்தா, அந்த ஒரு கிலோ எண்ணூறு கிராம் இன்னைக்கு இல்லை. நீங்க கூடப் போனா அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்க, அவ தனியாக் கேக்கிற மாதிரி வைக்காதீங்க.

அக்கா இன்னும் செக்கப்புக்குப் போய்க்கிட்டுத்தான் இருக்கா. ஒவ்வொரு தடவையும் ரிசல்ட் வர வரைக்கும் வீட்ல யாரும் சத்தமாப் பேசறதில்லை. பாப்பா மட்டும் பேசும். இப்போ அதுக்கு அஞ்சு வார்த்தை தெரியும், அதுல ஒண்ணு "ஆச்சி".

இதை யாருக்காவது அனுப்பணும்னு தோணினா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.